7 ஆண்டில் உடம்பே புதிதாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

கேள்விக்குறி:

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. நம் உடம்பில் இருக்கும் செல்கள் எல்லாம் 7 ஆண்டுக்குள் செத்துப்போய்ப் புதிய செல்கள் வந்துவிடுமாம். அதனால் 7 ஆண்டுக்கு முன்பு இருந்த ஆளே நீங்கள் இல்லையாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு மூன்று இடத்தில் இடிக்கிறது.

சின்ன வயதில் பட்ட வெட்டுத் தழும்பு ஏன் அப்படியே இருக்கிறது? பச்சை குத்தினால் ஏன் அழிவதில்லை? எல்லாமே புதுசு என்றால் வயசு மட்டும் ஏன் ஆகிறது?

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இணைப்பு மட்டும் கொடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள், புரிகிற மாதிரி நாலு வரி எழுதுங்கள்.

நுண்ணோக்கி:

7 ஆண்டுக் கணக்கு தப்பு. உடம்பு முழுவதற்கும் ஒரே கெடு கிடையாது. சிறுகுடலின் உள்பரப்பில் இருக்கும் செல்லுக்கு ஆயுள் 3 முதல் 5 நாள். ரத்தத் தட்டணுவுக்கு 8 முதல் 10 நாள். சிவப்பணுவுக்குச் சுமார் 120 நாள். மேல்தோல் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் மாறிவிடும். எலும்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் புதுப்பிக்கப்படுகிறது. கொழுப்புச் செல்லும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். பெருமூளைப் புறணியில் (மூளையின் வெளி அடுக்கு) இருக்கும் நரம்புச் செல்களோ நம்மோடு பிறந்து நம்மோடு போகின்றன.

இதையெல்லாம் எப்படி அளந்தார்கள் என்பதுதான் சுவாரசியம். மனிதனுக்குள் இருக்கும் ஒரு செல்லின் வயதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது? ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரிசேன் குழு அணுகுண்டைப் பிடித்துக்கொண்டது. 1950-களின் நடுவிலிருந்து 1963 வரை திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. 1963-ல் திறந்தவெளிச் சோதனைக்குத் தடை ஒப்பந்தம் வந்த பிறகு அது ஆண்டுக்காண்டு சீராக இறங்கியது. அந்தக் காற்றைச் செடி எடுத்தது, செடியை நாம் எடுத்தோம். ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ.வில் என்ன கார்பன் சேர்ந்ததோ அது பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே டி.என்.ஏ.வில் உள்ள கார்பன்-14 அளவைக் காற்றின் வரைபடத்தோடு ஒப்பிட்டால் அந்தச் செல் பிறந்த காலம் தெரிந்துவிடும். 2005-ல் இந்த முறையை வெளியிட்டார்கள்.

2009-ல் இதை வைத்தே இதயத்தைப் பார்த்தார்கள். இதயத் தசைச் செல் 25 வயதில் ஆண்டுக்கு 1 சதவீதம் மாறுகிறது. 75 வயதில் அதுவும் 0.45 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. ஒரு முழு ஆயுளில் பாதிக்கும் குறைவான இதயச் செல்களே மாறுகின்றன. எனவே 7 ஆண்டில் புது இதயம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம்.

சும்மா_வந்தேன்:

மூளை மட்டும் பழசேதான் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் இதை ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், ஆதாரம் இப்போதுதான் கிடைத்தது.

மறுப்பாளன்:

நுண்ணோக்கி சார், ஒரு சின்ன மறுப்பு. நான் படித்த இடத்தில் "சராசரியாக 7 முதல் 10 ஆண்டு" என்று இருந்தது. வாட்ஸ்அப்பில் சராசரி என்ற சொல்லைத் தின்றுவிட்டார்கள், அவ்வளவுதான். சராசரி என்று சேர்த்துச் சொன்னால் சரிதானே?

நுண்ணோக்கி:

எதன் சராசரி என்று கேட்டால் அங்கேயே கதை முடிந்துவிடும். எண்ணிக்கையில் எடுப்பதா, எடையில் எடுப்பதா?

மனித உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் 84 சதவீதம் சிவப்பணு. தலையெண்ணிச் சராசரி எடுத்தால் 120 நாள் கணக்குதான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். எடையில் பார்த்தால் நேர்மாறு. தசையும் கொழுப்பும் சேர்ந்து செல் எடையில் முக்கால் பங்கு, எண்ணிக்கையில் 0.2 சதவீதம்கூட இல்லை என்கிற அளவு. அப்படி எடுத்தால் பழைய செல்கள்தான் சராசரியைத் தீர்மானிக்கும். ஒரே உடம்புக்கு இரண்டு சராசரி, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது.

இன்னொரு கணக்கும் உண்டு. 2021-ல் ரான் செண்டர், ரான் மைலோ இருவரும் வெளியிட்டது. நாளொன்றுக்கு நம் உடலில் சுமார் 33,000 கோடி செல்கள் மாற்றப்படுகின்றன, எடையில் 80 கிராம் அளவு. அதில் 86 சதவீதம் ரத்தச் செல்கள், 12 சதவீதம் குடலின் உள்பரப்புச் செல்கள். மிச்சம் 2 சதவீதத்துக்குள் தோல், நுரையீரல், கொழுப்பு என்று மற்ற எல்லாம் அடங்கிவிடும். ஆக, "உடம்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது" என்று நாம் பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் ரத்தமும் குடலும் செய்யும் வேலை.

தேன்மொழி:

நல்ல விளக்கம். எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். 4 நாளில் சாகப்போகிற குடல் செல், சாவதற்கு முன் தானே இரண்டாகப் பிரிந்து தன் இடத்துக்கு ஆள் வைத்துவிட்டுப் போகிறதா? சிவப்பணுவும் அப்படித்தானா?

ஆய்வக_எலி:

இல்லை தேன்மொழி, இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நம் உடம்பில் பெரும்பாலும் வேலை செய்கிற செல் பிரிவதில்லை. பிரிகிற செல் அந்த வேலையைச் செய்வதில்லை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இந்த இழையில் வரும் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

சிவப்பணுவைப் பாருங்கள். எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது கடைசிக் கட்டத்தில் அது தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. டி.என்.ஏ.வே இல்லை, எதைப் படியெடுத்துப் பிரிவது? நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் புதிய சிவப்பணுக்கள் வருவதெல்லாம் மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களின் (மற்ற செல்களைப் பெற்றுத்தரும் மூலச் செல்கள்) வழித்தோன்றல்கள். அந்த ஸ்டெம் செல்லோ பெரும்பாலான நேரம் சும்மா இருக்கும், எப்போதாவதுதான் பிரியும். இடையில் இருக்கும் பல தலைமுறைச் செல்கள்தான் பெருகித் தள்ளுகின்றன.

குடலைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சிறுகுடலின் உள்சுவரில் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடிவாரத்திலும் சின்னச் சின்னக் குழிகள். குழியின் ஆக அடியில், பானெத் செல்கள் என்ற காவல் செல்களுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டு ஒல்லியான ஸ்டெம் செல்கள் இருக்கும். எலியில் ஒரு குழிக்கு 15 போல. இவற்றை நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு 2007-ல் அடையாளம் காட்டியது. இவை நாளுக்கு ஒருமுறை பிரிகின்றன. அடியில் இடம் கிடைக்காத செல் மேலே தள்ளப்படுகிறது. போகிற வழியில் அது இன்னும் நாலைந்து தடவை மளமளவென்று பிரிகிறது. குழியின் வாய்க்கு வந்ததும் பிரிவதை நிறுத்திவிட்டு, உறிஞ்சும் செல்லாகவோ சளி சுரக்கும் செல்லாகவோ மாறி வேலையில் சேர்கிறது. வேலை செய்தபடியே உறிஞ்சியின் சுவரில் மேலே நகர்கிறது. உச்சிக்கு வந்ததும் உதிர்ந்துவிடும். உதிரும்போது பக்கத்துச் செல்கள் அடியில் கைகோத்து ஓட்டையை மூடிவிடுவதால் சுவரில் இடைவெளியே விழாது. அடியிலிருந்து உச்சிவரை மொத்தமே 3, 4 நாள்தான்.

மேல்தோலும் இதே பாணிதான். அடி அடுக்கில் பிரிவு, மேலே வரவரக் கெரட்டின் என்ற கெட்டிப் புரதம் நிரம்பி, கடைசியில் செத்த செதிலாக உதிர்வது.

மறுப்பாளன்:

> வேலை செய்கிற செல் பிரிவதில்லை

கல்லீரலை மறந்துவிட்டீர்களே எலியாரே!

ஆய்வக_எலி:

மறக்கவில்லை, "பெரும்பாலும்" என்று போட்டது கல்லீரலுக்காகத்தான். :) கல்லீரல் செல் பித்தம் சுரக்கும், நச்சு நீக்கும், புரதம் தயாரிக்கும், தேவை வந்தால் அதே செல் பிரியவும் செய்யும். எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தால் ஒரு வாரம், பத்து நாளில் பழைய எடைக்கு வந்துவிடும் என்பது 1931-லிருந்து தெரிந்த சோதனை. ஆனால் வெட்டிய மடல் திரும்ப முளைப்பதில்லை. மிச்சமிருக்கும் மடல்கள்தான் பெருத்துக் கணக்கைச் சரிக்கட்டுகின்றன. பல்லி வால் போல முளைக்கும் என்று நினைப்பவர்கள் அதிகம், அப்படி இல்லை.

அதைவிட ஆச்சரியம், எடை சரியானதும் பிரிவது நின்றுவிடுகிறது. நிற்காமல் போனால் அதற்குப் பெயர் வேறு.

குட்டிச்சாத்தான்_10ஆம்_வகுப்பு:

அண்ணா, எங்கள் பாடத்தில் செல் சுழற்சிக்கு ஜி1 (வளர்ச்சி), எஸ் (டி.என்.ஏ. படியெடுப்பு), ஜி2 (மறுபடி இடைவெளி), எம் (பிரிவு) என்று நாலு கட்டம் வருகிறது. செல் வளர்ந்து பெரிதானதும் பிரியும் என்று எழுதச் சொன்னார்கள். எவ்வளவு பெரிதானால் போதும் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்? அளவுகோல் வைத்திருக்குமா?

ஆய்வக_எலி:

தம்பி, தேர்வில் அப்படியே எழுது, மதிப்பெண் கிடைக்கும். இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன்.

வளர்வதும் பிரிவதும் ஒன்றோடு ஒன்று கட்டிப்போட்டவை அல்ல. தவளை முட்டையை எடுத்துக்கொள். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான ஒரே செல். கருவுற்ற பிறகு துளியும் வளராமல் அரைமணிக்கு ஒருமுறை பிரிந்துகொண்டே போகிறது. 12 சுற்று முடியும்போது அதே அளவு உருண்டைக்குள் 4,000 செல்கள் இருக்கும். ஜி1, ஜி2 என்ற இடைவெளியே அதற்குக் கிடையாது, படியெடு, பிரி, படியெடு, பிரி. இதற்கு எதிர்ப்பக்கம் நம் தசை. உடற்பயிற்சி செய்து கையைப் பெருக்குகிறவரின் தசை நார்கள் பிரிவதில்லை, ஒவ்வொரு நாரும் தடிக்கிறது. நரம்புச் செல்லும் அப்படித்தான், ஒரு மீட்டர் நீளத்துக்கு வால் விடும், ஆனால் பிரியாது.

வழக்கமாகப் பிரியும் செல்களில்தான் இரண்டையும் கோத்துவிட்ட ஏற்பாடு இருக்கிறது. உன் அளவுகோல் கேள்விக்கு மூன்று உயிரில் மூன்று விதமான விடை. பாக்டீரியா, பிறக்கும்போது எவ்வளவு இருந்தாலும் சரி, ஒவ்வொரு தலைமுறையிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூட்டிக்கொண்டு பிரிகிறது. குட்டையாகப் பிறந்ததும் நெட்டையாகப் பிறந்ததும் சில தலைமுறையில் சராசரிக்கு வந்துவிடும். ஒருவகை ஈஸ்ட்டில் பால் நர்ஸ் என்பவர் 1975 வாக்கில், பாதி அளவிலேயே அவசரப்பட்டுப் பிரிந்துவிடும் மாற்று வகைகளைப் பிடித்தார். அதாவது "இன்னும் பொறு" என்று சொல்லும் ஒரு மரபணு அதில் கெட்டிருக்கிறது. அப்படி ஒரு தடை இருப்பதே அதனால்தான் தெரியவந்தது. மனித செல்லில் ஆர்.பி. என்று ஒரு தடுப்புப் புரதம். ஜி1-ல் செல் வளர்ந்தாலும் இந்தப் புரதம் அதற்கேற்பக் கூடுவதில்லை. செல் பெரிதாகப் பெரிதாக அதன் அடர்த்தி குறைகிறது, தடை தளர்கிறது, டி.என்.ஏ. படியெடுப்பு தொடங்குகிறது. இதை 2020-ல் காட்டினார்கள்.

அளவு மட்டும் போதாது. வெளியிலிருந்து "பெருகலாம்" என்ற சைகையும் வரவேண்டும். ஆய்வகத்தில் செல் வளர்க்கும் மீடியத்தில் (ஊட்டத் திரவம்) ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் சீரம் போடாமல் விட்டால், ஊட்டமெல்லாம் இருந்தும் செல்கள் சுழற்சியை விட்டு வெளியேறி ஓய்வுக்குப் போய்விடும். சீரம் விட்டால் மறுபடி எழுந்திரிக்கும். பிளாஸ்க்கின் தரை முழுவதும் நிரம்பி ஒன்றையொன்று தொட்டுவிட்டாலும் சாதாரண செல்கள் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். புற்றுச் செல்கள் நிறுத்தாது, ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்.

குட்டிச்சாத்தான்_10ஆம்_வகுப்பு:

நன்றி அண்ணா. பிரிவதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? எங்களுக்கு வெங்காய வேர் நுனி ஸ்லைடு காட்டினார்கள், ஒன்றும் அசையவில்லை.

ஆய்வக_எலி:

ஸ்லைடில் எப்படி அசையும், சாயம் ஏற்றும்போதே செத்துவிட்டதே!

உயிரோடு இருக்கும் செல்லைக் காலவரிசைப் படமாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பிளாஸ்க் 37 டிகிரியில் இருக்கும். செல்கள் தரையோடு ஒட்டித் தட்டையாக, ஓரங்கள் இழுபட்டுக் கிடக்கும். பெரும்பாலான நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், ஒரு முழுச் சுற்றுக்கு 24 மணி நேரம் போல ஆகிறது. திடீரென்று ஒரு செல் ஓரங்களைச் சுருட்டிக்கொண்டு உருண்டு நிற்கும். நுண்ணோக்கியில் அது மட்டும் பளிச்சென்று மின்னும். உள்ளே குரோமோசோம்கள் தடித்து, இரண்டு முனையிலிருந்து வரும் இழைகள் அவற்றைப் பிடித்து நடுக்கோட்டில் நிறுத்தும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அடுத்தது. 46-ல் 45 குரோமோசோம் வரிசையில் வந்து நின்றிருக்கும். ஒன்று மட்டும் ஒரு முனையருகே தடுமாறிக்கொண்டிருக்கும். செல் அப்படியே காத்திருக்கும். கடைசி ஆள் ஏறும் வரை வண்டி கிளம்பாது. இழை பிடிக்காத அந்த ஒற்றைக் குரோமோசோமிலிருந்து "நிறுத்து" என்ற சைகை போய்க்கொண்டே இருக்கும். அது வந்து சேர்ந்ததும் சில நிமிடங்களில் எல்லா ஜோடியும் ஒரே சமயத்தில் பிரிந்து இரு பக்கமும் போகும். இடுப்பில் இறுக்கம் விழும், இரண்டு செல்கள் மறுபடி தரையில் படுத்துத் தட்டையாகிவிடும். உருண்டதிலிருந்து இதுவரை ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இந்தச் சுற்றை ஓட்டும் புரதங்களில் ஒன்றான சைக்ளினை டிம் ஹண்ட் 1982-ல் கடல் முள்ளெலி முட்டையில் கண்டார். முட்டையில் எல்லாப் புரதமும் கூடிக்கொண்டே போக, ஒன்று மட்டும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஏறி, பிரியும் தருணத்தில் காணாமல் போயிற்று. மறுபடி ஏறிற்று. ஹண்ட், நர்ஸ், லீலண்ட் ஹார்ட்வெல் மூவருக்கும் 2001-ல் நோபல்.

வெள்ளை_அங்கி:

இழையைத் தொடங்கியவரின் மூன்று கேள்விக்கும் இன்னும் யாரும் நேராக வரவில்லையே. முதல் இரண்டை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பச்சை: மை இருப்பது மேல்தோலில் இல்லை, அதற்குக் கீழே உள்ள அடித்தோலில். மாதாமாதம் உதிர்வது மேல்தோல் மட்டும். சரி, அடித்தோல் செல்லும் ஒருநாள் சாகத்தானே செய்யும் என்று கேட்டால், அங்கேதான் வேடிக்கை. மையை விழுங்கி வைத்திருப்பவை மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள். ஒன்று செத்தால் மை வெளியே கொட்டுகிறது. பக்கத்தில் புதிதாக வரும் விழுங்கு செல் அதை அங்கேயே விழுங்கிக்கொள்கிறது. 2018-ல் எலிகளில் இதைக் காட்டினார்கள். செல் மாறுகிறது, மை இடம் மாறுவதில்லை.

தழும்பு: அதைத் தழும்பாக்குவது செல் அல்ல, செல்லுக்கு வெளியே கிடக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள். காயம் ஆறும் அவசரத்தில் அவை ஒரே திசையில் நெருக்கமாகப் போடப்படுகின்றன. பிறகு அங்கே வேலைக்கு வரும் செல்கள் இருக்கும் அமைப்பை ஒட்டியே பராமரிக்கின்றன. ஆனால் தழும்பு செத்த பொருள் என்று எண்ணவேண்டாம், அதிலும் கொலாஜன் அழிந்து அழிந்து புதிதாகப் போடப்படுகிறது. அதற்கு வைட்டமின் சி வேண்டும். 1740-களில் ஜார்ஜ் ஆன்சனின் கடற்பயணத்தில் ஸ்கர்வி நோய் (வைட்டமின் சி இல்லாமல் வருவது) வந்த ஒரு மாலுமிக்கு, 1690-ல் அயர்லாந்தில் நடந்த பாய்ன் போரில் பட்டு 50 ஆண்டுக்கு முன்பே ஆறிய காயம் மறுபடி திறந்துகொண்டது என்று பதிவு இருக்கிறது. பராமரிப்பு நின்றால் 50 ஆண்டுத் தழும்பும் பிரிந்துவிடும்!

கேள்விக்குறி:

வெள்ளை அங்கி, மாலுமி கதை தூக்கிவாரிப் போட்டது. அப்படியே மூன்றாவதையும் யாராவது முடித்துவையுங்கள். புதுச் செல் வந்தும் ஏன் கிழடாகிறோம்?

நுண்ணோக்கி:

புதுச் செல் என்றால் புதிதாகப் பிரிந்த செல் என்றுதான் பொருள். அதன் பரம்பரை உங்கள் வயதுடையது. இன்று காலை உங்கள் குடலில் பிறந்த செல்லின் டி.என்.ஏ., கருவிலிருந்து எத்தனையோ முறை படியெடுத்து வந்தது. படியெடுக்கும் நொதி மிகத் துல்லியமானது. சரிபார்ப்பும் பழுதுநீக்கமும் சேர்ந்து 600 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளில் நிற்கும் பிழை ஒருசிலவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஒருசில அடுத்த தலைமுறைக்கும் போகும். சேர்ந்துகொண்டே வரும். 70 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10 சதவீதத்துக்கும் மேலானோரின் ரத்தத்தில், மாற்றம் பெற்ற ஏதோ ஒரு ஸ்டெம் செல்லின் வாரிசுகள் மட்டும் அளவுக்கு மீறிப் பெருகியிருப்பது தெரிகிறது. அவர்கள் ரத்தச் செல்களின் வயது சில மாதம்கூட இருக்காது, ஆனால் முதுமையின் அடையாளம் அதிலேயே இருக்கிறது.

மாறும் செல்லின் கதை இது. மாறாத செல்களிலும் செல்லுக்கு வெளியே உள்ள பொருளிலும் தேய்மானம் தனியாக நடக்கிறது. கண் வில்லையின் நடுப்பகுதி நாம் பிறக்குமுன் உருவானது, அதிலுள்ள புரதம் மாற்றப்படுவதே இல்லை. கண்புரை ஏன் வயதானால் வருகிறது என்பதற்கு இதைவிட நேரான காரணம் தேவையில்லை.

ராஜபாட்டை:

டெலோமியர் பற்றி யாருமே சொல்லவில்லையே? அதை நீட்டினால் சாவே இல்லை என்று மாத்திரை விற்கிறார்கள். வாங்கலாமா?

ஆய்வக_எலி:

பணம் உங்களுடையது, விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

1912-ல் அலெக்ஸி கேரல் கோழிக்கருவின் இதயத் திசுவை வளர்க்கத் தொடங்கினார். 30 ஆண்டுக்கு மேல் அது வளர்ந்துகொண்டே இருந்ததாகச் சொன்னதால், செல்லைத் தனியே எடுத்துவிட்டால் அதற்குச் சாவு கிடையாது என்று உலகம் நம்பியது. 1961-ல் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் மனிதக் கருவின் செல்களை வளர்த்தபோது, 50 முறை போல இரட்டித்ததும் அவை நின்றுவிட்டன. உறையவைத்து எடுத்தால்கூட விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கையைத் தொடர்ந்தன. கேரலின் முடிவு வேறு யாருக்கும் வரவில்லை.

காரணம் குரோமோசோமின் நுனி, அதுதான் டெலோமியர். படியெடுக்கும் நொதியால் நுனியைக் கடைசிவரை படியெடுக்க முடியாது, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும். நுனியில் ஒரே ஆறெழுத்துத் தொடர் ஆயிரக்கணக்கான முறை வருவதால் முதலில் பாதகமில்லை. ஒரு அளவுக்குக் கீழே போனால் செல் பிரிவதை நிறுத்திக்கொள்ளும். டெலோமரேஸ் என்ற நொதி இதை மறுபடி நீட்டும். எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் ஷோஸ்டக் மூவருக்கும் 2009 நோபல் இதற்குத்தான்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். நம் சாதாரணச் செல்கள் பெரும்பாலானவற்றில் இந்த நொதி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை மறுபடி இயக்கிக்கொண்டவை எவை தெரியுமா? புற்றுநோய்களில் 85, 90 சதவீதம். 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. சாகாத செல் வேண்டும் என்றால் அதுதான் சாகாத செல். அவர் அதே ஆண்டு அந்தப் புற்றுநோயால் இறந்துபோனார்.

இதில் இன்னொரு இடறலும் உண்டு. இதயத் தசையும் மூளையும் பிரிவதே அரிது. பிரியாத செல்லுக்கு நுனி தேய்கிறது என்ற கவலை எங்கிருந்து வரும்? முதுமையை டெலோமியர் ஒன்றின் தலையில் கட்டிவிட முடியாது.

மலர்விழி_க:

இந்த இழையை வாசித்துக்கொண்டிருந்ததில் ஒன்று கேட்கத் தோன்றியது. என் சித்திக்குக் கீமோ நடக்கிறது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துக்கு முடி ஏன் கொட்டுகிறது, வாய் ஏன் புண்ணாகிறது? திரும்ப முளைக்குமா என்று தினமும் கேட்கிறார்.

வெள்ளை_அங்கி:

மலர் அக்கா, பல கீமோ மருந்துகளுக்குப் புற்றுச் செல் எது, நல்ல செல் எது என்று தெரியாது. "பிரிந்துகொண்டிருக்கிறாயா" என்று மட்டும்தான் பார்க்கும். முடியின் வேர், வாயின் உள்தோல், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாம் வேகமாகப் பிரிகிற இடங்கள். அடி வாங்குபவையும் அவைதான். ரத்த அணுக்கள் குறைவதும் அதனால்தான், எண்ணிக்கை பார்த்துத்தான் அடுத்த தவணை தருகிறார்கள்.

நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் ஆகியவை, மேலே எலியார் சொன்னாரே குரோமோசோமைப் பிடித்து நிறுத்தும் இழைகள், அவற்றைக் கட்டவிடாமல் தடுப்பவை. செல் நடுவழியில் நின்று செத்துப்போகும்.

முடியின் ஸ்டெம் செல்கள் வேரில் இல்லை, கொஞ்சம் மேலே ஒரு புடைப்பில் பெரும்பாலும் ஓய்வாக இருக்கின்றன. பிரியாமல் இருப்பதால் மருந்துக்குத் தப்பிவிடுகின்றன. சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலானவர்களுக்கு முடி திரும்ப வருவது அவற்றால்தான். முதலில் சுருட்டையாகவோ நிறம் மாறியோ வரலாம் என்று சித்தியிடம் முன்பே சொல்லிவையுங்கள். மற்றதை அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள், மருந்துக்கு மருந்து மாறும்.

மலர்விழி_க:

ரொம்ப நன்றி. இன்று இதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டுகிறேன்.

மறுப்பாளன்:

மூளைக்கு ஒரு மறுப்பு பாக்கி இருக்கிறது. ஃப்ரிசேன் குழுவே 2013-ல் ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கான மூளைப் பகுதி) நாளுக்கு 700 புதிய நரம்புச் செல்கள் சேர்வதாக வெளியிட்டதே? அப்புறம் எப்படி மூளை பழசு?

நுண்ணோக்கி:

நான் சொன்னது பெருமூளைப் புறணி. ஹிப்போகாம்பஸில் அவர்கள் சொன்னது உண்மைதான், ஆனால் 2018-ல் வேறொரு குழு பெரியவர்களின் மூளைத் திசுவைத் தேடிப்பார்த்து அப்படிப்பட்ட இளம் செல்களே தென்படவில்லை என்று வெளியிட்டது. அதன்பின் இரு பக்கமும் ஆய்வுகள் வந்துகொண்டிருக்கின்றன. திசுவை எவ்வளவு விரைவாக, எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதில்தான் சண்டையே. எலியிலும் மற்ற பல விலங்குகளிலும் சந்தேகமில்லை, மனிதரில்தான் இழுபறி. மூக்கில் வாசனை அறியும் நரம்புச் செல்கள் மாறிக்கொண்டே இருப்பதில் யாருக்கும் தகராறு இல்லை.

தேன்மொழி:

கடைசியாக ஒன்று. நாளுக்கு 33,000 கோடி செல் சாகிறது என்றால் பிணமெல்லாம் எங்கே போகிறது?

வெள்ளை_அங்கி:

குடல் செல்கள் குடலுக்குள்ளேயே உதிர்ந்து மலத்தோடு போய்விடும். தோல் காற்றோடு. உள்ளே சாகிற செல்கள் பெரும்பாலும் அமைதியாகத் தன்னைத்தானே துண்டுபோட்டுக்கொள்ளும், விழுங்கு செல்கள் வந்து அள்ளிக்கொண்டுபோகும். வீக்கமோ வலியோ இருக்காது.

கிழட்டுச் சிவப்பணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன. அதிலிருக்கும் இரும்பை வீணாக்குவதில்லை. நாளுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு இப்படித் திரும்ப மஜ்ஜைக்கே போகிறது. உணவிலிருந்து நாம் எடுப்பது நாளுக்கு 1, 2 மில்லிகிராம்தான். மிச்சப் பகுதி பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியாகிப் பித்தத்தோடு குடலுக்கு வருகிறது, அங்கே பாக்டீரியா அதை மாற்றுகிறது. மலத்துக்குப் பழுப்பு நிறம் வருவது அதனால்தான்.

சும்மா_வந்தேன்:

சாப்பிட்டுக்கொண்டே இந்த இழையைப் படித்தது என் தப்பு.